கைதானவர் எங்கே இருக்கிறார்? கலிஃபோர்னியாவில் சிறைப் பதிவுகளைத் தேடிய அனுபவம்

அமெரிக்காவில் ஒருவர் கைதானால் அவரைப் பற்றிய விவரங்கள் ஒரே இடத்தில் கிடைப்பதில்லை. கைது செய்வது ஒரு துறை, சிறையில் வைத்திருப்பது வேறொரு துறை, வழக்குப் பதிவுகளை வைத்திருப்பது நீதிமன்றம். இவை அனைத்தையும் சேர்த்துப் பொதுமக்கள் பார்க்கக்கூடிய நாடு தழுவிய பட்டியல் எதையும் அரசு வைத்திருக்கவில்லை. என் சித்தப்பா மகன் கலிஃபோர்னியாவின் அலமேடா கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) கைதானபோது இதை நான் படிப்படியாகத்தான் அறிந்துகொண்டேன். அதே நிலையில் நிற்கும் இன்னொரு குடும்பத்துக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

கவனக்குறைவாகக் கார் ஓட்டியதாக அவர் மீது ஏற்கெனவே ஒரு வழக்கு இருந்தது. நீதிமன்றத்தின் கடிதம் அவர் காலி செய்துவிட்ட பழைய வீட்டுக்குச் சென்றதால் விசாரணைக்கு அவர் போகவில்லை. நீதிபதி பிடியாணை பிறப்பித்துவிட்டார். ஒரு வெள்ளிக்கிழமை இரவு வழக்கமான வாகனச் சோதனையின்போது அந்தப் பிடியாணை கணினியில் தெரிந்ததும் அவரை அழைத்துச் சென்றுவிட்டார்கள். அவருடைய மனைவி என்னிடம் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: "அக்கா, அவரை போலீஸ் கூட்டிட்டுப் போயிட்டாங்க. எங்கே போய்க் கேட்கிறதுன்னே தெரியல."

இத்தகைய நேரத்தில் முதலில் தோன்றுவது கைது செய்த காவல் துறையை அழைப்பதுதான். ஆனால் நகரக் காவல் துறையானாலும் நெடுஞ்சாலைக் காவல் துறையானாலும், கைது செய்தவரை அவர்கள் பெரும்பாலும் தங்களிடமே வைத்துக்கொள்வதில்லை. கவுண்டி சிறையில் ஒப்படைத்துவிடுகிறார்கள். கலிஃபோர்னியாவில் 58 கவுண்டிகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் சிறையை நடத்துபவர் கவுண்டியின் காவல் தலைவரான ஷெரிஃப். அலமேடா கவுண்டியில் அது டப்ளின் நகரில் 1989-இல் திறக்கப்பட்ட சான்டா ரீட்டா சிறை. விசாரணையை எதிர்நோக்கியிருப்பவர்களும் குறுகிய தண்டனை பெற்றவர்களும் கவுண்டி சிறையில் இருப்பார்கள். நீண்ட தண்டனை பெற்றவர்கள் மாநிலச் சிறைக்கும், கூட்டாட்சி வழக்குகளில் தண்டனை பெற்றவர்கள் கூட்டாட்சிச் சிறைக்கும் போவார்கள். அன்று இரவு கைதான ஒருவரை மாநிலச் சிறைப் பட்டியலில் தேடுவதால் பயனில்லை. எந்தக் கவுண்டியின் எல்லைக்குள் கைது நடந்தது என்று தெரிந்தால், அந்த ஷெரிஃப் அலுவலகத்தின் சிறைவாசித் தேடல் பக்கமே முதல் வாசல்.

அங்கும் பெயர் உடனே வந்துவிடாது. கைரேகை, புகைப்படம், உடல்நலக் கேள்விகள், கைப்பொருள் பதிவு ஆகியவை முடிந்த பிறகுதான் ஒருவருடைய பெயர் தேடலில் தெரியத் தொடங்கும். அதற்குச் சில மணி நேரம் ஆகலாம். அந்த இடைவெளியில் 'பதிவு எதுவும் இல்லை' என்ற பதிலைப் பார்த்து அவர் அங்கே இல்லை என்று முடிவு செய்யக் கூடாது.

எங்களுக்கு அதைவிடப் பெரிய தடையாக இருந்தது பெயர்தான். தமிழ்நாட்டிலிருந்து வந்த பலரைப் போலத் தம்பியின் கடவுச்சீட்டிலும் குடும்பப் பெயருக்கான இடம் காலி. அப்படிப்பட்டவர்களுக்கு அமெரிக்க விசாவில் அவர்களுடைய சொந்தப் பெயரைக் குடும்பப் பெயரின் இடத்தில் போட்டு, முதற்பெயரின் இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று அச்சிடுகிறார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்பதற்கான குறி அது. ஓட்டுநர் உரிமமும் சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கும் அதை ஒட்டி ஆளுக்கொரு விதமாக அமைந்துவிடுகின்றன. அவருடைய பெயரை முதற்பெயராகவும் சித்தப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராகவும் போட்டுத் தேடியபோது எதுவும் வரவில்லை. பிறகு அவருடைய பெயரைக் குடும்பப் பெயரின் கட்டத்தில் மட்டும், அதுவும் முதல் சில எழுத்துகளை மட்டும் இட்டுத் தேடியபோது பதிவு வந்தது. ஆகவே உங்கள் வீட்டில் ஒவ்வொருவரின் விசாவிலும் ஓட்டுநர் உரிமத்திலும் பெயர் எந்த வரிசையில், எந்த எழுத்துகளில் இருக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இது யாருடைய நடத்தையையும் சந்தேகிப்பது ஆகாது. ஆவணங்களின் நகலை எடுத்து வைப்பது போன்ற ஏற்பாடுதான்.

பதிவில் அவருக்கான அடையாள எண், வழக்கு எண், குற்றச்சாட்டின் சட்டப் பிரிவு, ஜாமீன் தொகை, அடுத்து ஆஜராக வேண்டிய நீதிமன்றம் எல்லாம் இருந்தன. இதில் மிக முக்கியமானது அந்த அடையாள எண். அலமேடாவில் அதை 'பி.எஃப்.என்.' என்று சொல்கிறார்கள். அது கையில் வந்த பிறகு, தொலைபேசியில் யாரிடம் பேசினாலும் பெயரின் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொண்டிருக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனது.

இவற்றைக் கேட்பது யாருடைய தயவையும் நாடுவது அல்ல. 1968-இல் இயற்றப்பட்ட கலிஃபோர்னியா பொதுப் பதிவுகள் சட்டத்தின்படி, கைதானவரின் பெயர், கைதான நேரமும் இடமும், அவர் வைக்கப்பட்டிருக்கும் இடம், குற்றச்சாட்டுகள், ஜாமீன் தொகை போன்ற விவரங்களைக் காவல் அமைப்புகள் பொதுவாக வெளியிட வேண்டும். புலனாய்வுக்கோ யாருடைய பாதுகாப்புக்கோ ஆபத்து நேரும் என்றால் மட்டும் நிறுத்தி வைக்கலாம். கேட்பவர் உறவினர் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் காவலர் எழுதிய முழு அறிக்கை வேறு; அது அப்படி எல்லோருக்கும் கிடைக்காது.

"இமிக்ரேஷன்காரர்கள் கொண்டுபோயிருப்பார்களோ?" என்பதுதான் அந்த இரவு முழுவதும் தம்பி மனைவியை வாட்டிய அச்சம். குடிவரவுத் துறையின் காவலில் இருப்பவர்களைத் தேட அந்தத் துறைக்கே தனி இணையத் தேடல் இருக்கிறது. அதில் 'ஏ-நம்பர்' எனப்படும் குடிவரவு எண்ணையும் பிறந்த நாட்டையும் தர வேண்டும். எண் இல்லையென்றால் பெயரைப் பதிவில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் தர வேண்டும். ஹெச்-1பி விசாவில் இருக்கும் பலருக்கு அந்த எண் இருக்காது என்பதால் இங்கும் பெயரின் வடிவமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கூட்டாட்சிச் சிறைத் துறையின் தேடலில் 1982 முதலான சிறைவாசிகளின் பதிவுகள் உள்ளன; எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

கலிஃபோர்னியாவில் கைதானவரைக் காவலில் வைத்திருந்தால் 48 மணி நேரத்துக்குள் நீதிபதியின் முன் நிறுத்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாளும் அந்தக் கணக்கில் சேராது. அது நீண்ட வார இறுதி. திங்கட்கிழமை அரசு விடுமுறை. ஆகவே செவ்வாய்க்கிழமைதான் அவரை ஆஜர்படுத்துவார்கள் என்று தெரிந்தபோது மனம் கலங்கினாலும், என்ன நடக்கிறது என்ற தெளிவாவது கிடைத்தது. கைதானவருக்கு மூன்று மணி நேரத்துக்குள் மூன்று தொலைபேசி அழைப்புகள் செய்துகொள்ளும் உரிமையும் மாநிலச் சட்டத்தில் இருக்கிறது. சிறையிலிருந்து வரும் அழைப்பு அறியாத எண்ணாகத் தெரியும். எடுத்தவுடன் பதிவு செய்யப்பட்ட குரல்தான் பேசும். விளம்பர அழைப்பு என்று எண்ணித் துண்டித்துவிடாதீர்கள். அந்த உரையாடல்கள் பதிவாகின்றன என்பதால் வழக்கைப் பற்றி அதில் ஒரு சொல்லும் பேசக் கூடாது. இந்தியக் குடிமக்கள், துணைத் தூதரக உறவுகள் பற்றிய வியன்னா உடன்படிக்கையின் 36-ஆவது பிரிவின்படி, துணைத் தூதரகத்துக்குத் தகவல் தெரிவிக்குமாறு காவலர்களிடம் கேட்கலாம். இந்தியர்களின் விஷயத்தில் அவர் கேட்டால்தான் தெரிவிக்க வேண்டும் என்பதால் அதை அவருக்கு நினைவூட்டுவது நல்லது.

நமக்காக ஜாமீன் தொகைக்குப் பொறுப்பேற்கும் ஜாமீன் முகவரிடம் போனால் பொதுவாகத் தொகையில் 10 சதவீதம் கட்டணம்; அது திரும்ப வராது. முழுத் தொகையையும் நேரடியாகக் கட்டினால், அவர் தவறாமல் ஆஜராகும் பட்சத்தில் வழக்கு முடிந்ததும் திரும்பக் கிடைக்கும். ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி, பரிசு அட்டை வாங்கி எண்ணைச் சொல்லுமாறு கேட்பவர்கள் மோசடிக்காரர்கள். சிறைப் பதிவு எல்லோருக்கும் தெரிவதுபோல் அவர்களுக்கும் தெரியும்.

விடுதலையானவுடன் தகவல் தரும் 'வைன்' என்ற இலவசச் சேவையும் பல மாநிலங்களில் இருக்கிறது. 1993-இல் கென்டக்கி மாநிலத்தில் ஒரு இளம்பெண், தனக்குக் கொடுமை செய்தவன் சிறையிலிருந்து வெளிவந்ததை அறியாமலே அவனால் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, 1994-இல் லூயிவில் நகரில் அது உருவானது. நம் வீட்டுப் பிள்ளைக்காகத் தேடும் அதே பதிவு வேறொருவருக்கு உயிர்க்காப்பு என்பதை அறிந்தபோது, இந்தப் பதிவுகள் ஏன் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது எனக்கு விளங்கியது.

இணையத்தில் தேடினால் அரசுப் பக்கங்களுக்கு முன்னால் பணம் கேட்கும் தனியார் தளங்கள் வந்து நிற்கும். அவை அரசுப் பதிவுகளைத் திரட்டி விற்கின்றன. பழையதும் வேறு ஆளுடையதும் அதில் கலந்திருக்கலாம். தேடலுக்குக் கவுண்டியும் நீதிமன்றமும் தரும் பக்கங்களே போதும்.

செவ்வாய்க்கிழமை சான்டா ரீட்டாவுக்கு அருகிலேயே உள்ள நீதிமன்றத்தில் நீதிபதி அவரை விடுவித்தார். சில மாதங்களில் வழக்கும் தள்ளுபடியானது. ஆனால் பதிவுகளின் தேவை அப்போதுதான் தொடங்கியது. விசாவுக்கான டிஎஸ்-160 படிவம், எப்போதாவது கைதாகியிருக்கிறீர்களா என்று கேட்கிறது. தள்ளுபடியான வழக்கானாலும் 'ஆம்' என்றே சொல்ல வேண்டும். அதற்கு ஆதாரமாக நீதிமன்ற எழுத்தரின் முத்திரையுடன், வழக்கு எப்படி முடிந்தது என்பதைக் காட்டும் சான்றிட்ட நகல் வேண்டும். கலிஃபோர்னியாவில் குற்ற வழக்கின் ஆவணங்களைப் பொதுவாக வீட்டிலிருந்தபடி இணையத்தில் திறக்க முடியாது. நடவடிக்கைகளின் பட்டியல்தான் தெரியும். 2021-இல் வந்த ஒரு மேல்முறையீட்டுத் தீர்ப்புக்குப் பிறகு, நீதிமன்றங்களின் இணையத் தேடலில் பிறந்த தேதியைக் கொண்டு ஆளைப் பிரித்தறிவதும் இல்லாமல் போனது. ஒரே பெயரில் பலர் இருக்கும்போது வழக்கு எண்தான் துணை. சிறைப் பதிவு முதல் நாள் வந்தபோதே அந்த எண்ணைக் குறித்து வைத்திருந்ததால், எழுத்தர் அலுவலகத்தில் படிவத்தை நிரப்பிக் கட்டணம் செலுத்தியதோடு வேலை முடிந்தது.

அவருடைய வழக்கறிஞர் இரண்டு யோசனைகள் சொன்னார். முதலாவது, எஃப்.பி.ஐ.-யிடம் 18 டாலர் செலுத்திக் கைரேகையுடன் விண்ணப்பித்துத் தன்னைப் பற்றிய பதிவைத் தானே வாங்கிப் பார்ப்பது. தள்ளுபடியான விவரம் அதில் ஏறியிருக்கிறதா என்று அப்போது தெரியும். இரண்டாவது, தள்ளுபடியான வழக்கின் கைதுப் பதிவைப் பிறர் பார்க்க முடியாதபடி மூடி முத்திரையிடக் கலிஃபோர்னியாவில் மனு செய்ய வழி இருந்தாலும், அதற்கு முன்பே சான்றிட்ட நகல்களைப் போதுமான அளவு வாங்கிவிடுவது. மூடிய பிறகும் குடிவரவு அதிகாரிகள் அந்தக் கைதைப் பற்றிக் கேட்பார்கள். அப்போது அந்த நகலைப் பெறுவது கடினமாகிவிடும். தம்பி அந்த வரிசையிலேயே செய்தார்: நகல்களை வாங்கினார், எஃப்.பி.ஐ. பதிவைச் சரிபார்த்தார், அதன் பிறகே மனுவைத் தாக்கல் செய்தார்.