கதவு நிலையில் பென்சில் கோடுகள்

8 வயதில் என் மகனின் உயரம் 108 சென்டிமீட்டர். இரண்டு வயது இளையவளான என் நாத்தனார் மகள் அருகில் நின்றால் அவள்தான் அக்கா என்று தோன்றும். வளர்ச்சி ஹார்மோன் குறைவாக இருக்கும் என்று உறவினர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, நாங்களாகவே ஓர் ஆய்வகத்தில் ரத்தம் கொடுத்தோம். அறிக்கையில் அளவு கூடுதலாக வந்தது. ஹார்மோனுக்குக் குறைவில்லை என்றால் பிள்ளை ஏன் வளரவில்லை? அன்றிரவு நான் தூங்கவே இல்லை.

அவனுக்குப் பிறவியிலேயே சிறுநீர்ப் பாதையில் அடைப்பு. கைக்குழந்தையிலேயே அறுவை சிகிச்சை செய்து நீக்கியும், அதற்குள் சிறுநீரகங்கள் கெட்டுவிட்டன. சிறுநீரக மருத்துவர் அறிக்கையைப் பார்த்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். வளர்ச்சி ஹார்மோன் நாள் முழுதும் ஒரே சீராகச் சுரப்பதில்லை. ஆழ்ந்த உறக்கத்தில் அலையலையாக வரும். சுமார் 20 நிமிடத்தில் பாதியாகிவிடும். அதை ரத்தத்திலிருந்து அகற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. "கூடுதலாகச் சுரக்கிறது என்று நினைக்காதீர்கள் அம்மா. வெளியேறாமல் தேங்கி நிற்கிறது" என்றார்.

தேங்கியும் பயனில்லை. அந்த ஹார்மோனின் உத்தரவைக் கல்லீரல் சரியாக ஏற்பதில்லை. கல்லீரல் உண்டாக்கும், எலும்பை வளரச் செய்யும் ஐஜிஎஃப்-1 என்ற பொருளையும், அதேபோல் ரத்தத்தில் தேங்கிய புரதங்கள் பிடித்து வைத்துக்கொள்கின்றன. எலும்புக்குப் போய்ச் சேருவது சொற்பமே.

உடனே ஹார்மோன் ஊசி போடவில்லை. ரத்தத்தில் கூடியிருந்த அமிலத்துக்குச் சோடியம் பைகார்பனேட் மாத்திரை, கூடவே வைட்டமின் டி. எல்லாவற்றையும்விடச் சாப்பாடுதான் பெரும்பாடு. வாயெல்லாம் கசக்கிறது என்பான். நெய் விட்டுப் பிசைந்த சோற்றை ஒரு மணி நேரம் ஊட்டுவேன். ஆறு மாதம் இப்படிப் போனது. பிறகு இடது கையையும் இடுப்பையும் எக்ஸ்ரே எடுத்து, கண்ணையும் பரிசோதித்த பிறகே ஹார்மோன் ஊசி எழுதிக் கொடுத்தார்கள்.

ஏற்கெனவே தேங்கியிருக்கும்போது மேலும் எதற்கு என்று கேட்டேன். காது மந்தமானவரிடம் குரலை உயர்த்திப் பேசுவது போலத்தான் என்றார் மருத்துவர். எனக்குப் புரிந்துவிட்டது.

இரவு 9 மணிக்கு, பேனா போன்ற அந்த ஊசியை ஃப்ரிட்ஜிலிருந்து எடுப்பேன். ஒரு நாள் வலத் தொடை, மறுநாள் இடத் தொடை. பொத்தானை அழுத்திய பிறகு 10 எண்ணும் வரை ஊசியை எடுக்கக் கூடாது. எண்ணுவது அவன் வேலை. முதல் வாரம் நான்கைத் தாண்டுவதற்குள் அழுதுவிடுவான். மின்சாரம் போகும் இரவுகளில் மருந்து கெட்டுவிடுமோ என்று ஐஸ் பெட்டியோடு விழித்திருப்பேன். செலவுக்கு என் வளையல்கள் அடகுக்குப் போயின. அதில் எனக்கு வருத்தமில்லை.

கதவு நிலையில் ஊசிக்கு முந்தைய ஆண்டின் இரண்டு உயரக் கோடுகளுக்கு நடுவே 3 சென்டிமீட்டர்தான். ஊசி தொடங்கிய முதல் ஆண்டில் 8. அந்த இடைவெளியை நான் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

என் சிறுநீரகம் அவனுக்குப் பொருந்தும் என்று சென்ற மாதம் முடிவு வந்திருக்கிறது. மாற்று அறுவை சிகிச்சையின்போது இந்த ஊசியை நிறுத்திவிடுவார்கள். புதிய சிறுநீரகம் நன்றாக வேலை செய்தால் ஹார்மோன் முன்போலத் தேங்காது. தை மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். அதுவரை தினமும் 9 மணிக்கு அவன் பத்து எண்ணுகிறான்.