தண்ணீர் ஓட வேண்டும்

சங்கச் செயலாளர் போன் செய்து, "அக்கா, வாத்தியாரைப் பற்றி இந்த மலருக்கு நீங்கள்தான் எழுதிக் கொடுக்கணும்" என்று கேட்டதும் சரி என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் வயிற்றை என்னவோ செய்தது. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என் தம்பியைப் பற்றியும் எழுதியாக வேண்டும். நான் இங்கிலாந்துக்கு வந்து 50 வருஷமாகிறது. தம்பியைப் பற்றி இங்கே யாரிடமும் வாய் திறந்ததில்லை. என் பிள்ளைகளுக்கே தெரியாது.

மலேசியாவில் நம் ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் உங்களில் பெரும்பாலோருக்கு அவர் கணக்கு வாத்தியார். வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டு மணி அடித்து அப்பா அம்மாவெல்லாம் ரப்பர் பால் வெட்டப் போன பிறகு நாம் பையோடு வந்து நின்ற வாசல், பதினாறாம் வாய்ப்பாட்டில் தடுமாறினால் மேசை மேல் மெதுவாகத் தட்டும் ரோத்தான் பிரம்பு, சாயங்காலம் அவருடைய சைக்கிள் மணி கேட்டதும் கோலியை அப்படியே போட்டுவிட்டு ஓடியது, இதையெல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள். வேதக்காரப் பிள்ளைகள், அதாவது கத்தோலிக்கப் பிள்ளைகள், பதினோரு பேருக்கு மட்டும் அவர் சனிக்கிழமை வாத்தியாரும்கூட. கிள்ளானிலிருந்து ஃபாதர் மாதத்துக்கு ஒரு ஞாயிறுதான் வருவார். மற்ற நாளெல்லாம் ஞானோபதேசம் நடத்துவது, சாவு வீட்டில் ஜெபம் சொல்வது எல்லாம் வாத்தியார்தான். உபதேசியார் இல்லாத ஊரில் அவரே உபதேசியார்.

1966இல் எனக்குப் பத்து வயது. அந்த வருஷக் கடைசி மழையில் தம்பி பிறந்தான். திங்கட்கிழமை இரவு, தோட்டத்து ஆஸ்பத்திரியில். மூன்று பெண்களுக்குப் பிறகு வந்த பையன். பால் குடிக்கத் தெரியவில்லை. வாயில் வைத்தால் இரண்டு தரம் உறிஞ்சிவிட்டுக் களைத்துத் தூங்கிப்போவான். வியாழக்கிழமை விடிவதற்குள் போய்விட்டான். ஃபாதர் வரும் ஞாயிறுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

கோயில் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம்தான் அப்போதும் நடப்பில் இருந்தது. ஞானஸ்நானம் பெறாமல் செத்தவர்களுக்குத் திருச்சபை அடக்கம் கிடையாது. அப்பா அவனை அம்மாவின் சேலையில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஆற்றோரம் போனார். நம் ஊர் இந்துக் குடும்பங்கள் பச்சைப் பிள்ளைகளைப் புதைக்கும் இடம் அது. அடுத்த லயத்து வீட்டுத் தாத்தா ஒருவர் குழி வெட்டினார். மண்ணை மூடியதும் ஒரு டம்ளர் பாலை மேலே ஊற்றினார். அப்பா தடுக்கவில்லை.

அதற்கு அடுத்த சனிக்கிழமை வாத்தியார் எடுத்த பாடம், மனிதனுடைய கடைசி முடிவுகள் நான்கு. மரணம், தீர்வை, மோட்சம், நரகம். ஆத்துமா உடலை விட்டுப் பிரிந்த உடனே தனியாகக் கடவுள் முன் நிற்கும், அது தனித்தீர்வை. உலக முடிவில் செத்தவர்கள் எல்லாரும் உடலோடு எழுந்து ஒன்றாக நிற்பது பொதுத்தீர்வை. கறையில்லாத ஆத்துமா நேரே மோட்சம் போகும். சாவான பாவத்தோடு, மனஸ்தாபப்படாமல் செத்தால் நரகம். சின்னச் சின்னக் கறை மிச்சமிருப்பவர்கள் உத்தரிக்கிற ஸ்தலத்தில் சுத்தமாகி அப்புறம் மோட்சம் போவார்கள், நம் ஜெபம் அவர்களுக்குத்தான் உதவும். கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டார். உத்தரிக்கிற ஸ்தலத்திலிருந்து மோட்சத்துக்கு ஒரு அம்புக்குறி. நரகத்திலிருந்து எங்கும் அம்புக்குறி இல்லை.

நான் கையைத் தூக்கினேன். "சார், என் தம்பி எந்தக் கட்டத்தில இருக்கான்?"

அவர் சாக்பீஸோடு அப்படியே நின்றார். "ஞானஸ்நானம் கொடுத்தாச்சாம்மா?"

"இல்லை சார்."

அது அவருக்குத் தெரியாத விஷயமா? ஊருக்கே தெரியும். ஆனாலும் கேட்டார். பிறகு பலகையின் மூலையில், கட்டங்களுக்கெல்லாம் வெளியே, ஒரு சின்ன வட்டம் போட்டார். "லிம்போ. ஆதாம் ஏவாளிடமிருந்து வந்த ஜென்மப் பாவம் கழுவப்படாத குழந்தைகள் அங்கே இருப்பார்கள். கடவுள் முகத்தைப் பார்க்க முடியாது."

"எதுவரைக்கும் சார்?"

"எப்பவுமேதாம்மா."

பத்துப் பிள்ளைகளும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். திங்கட்கிழமைக்குள் அது பள்ளிக்கூடம் முழுக்கப் பரவிவிட்டது. நொண்டி விளையாடும்போது என் கால் கோட்டுக்கு வெளியே பட்டதும், "உன் தம்பி மாதிரி நீயும் வெளியே போய் நில்லு" என்றார்கள். சொன்னவர்கள் பிள்ளைகள். அவர்களில் சிலர் இன்று இதைப் படிப்பீர்கள், உங்கள் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. ஆனால் நான் அதற்குப் பிறகு நொண்டி விளையாடவில்லை.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கவே கூடாது. பால் கட்டிக்கொண்டு மார்பு கனத்து, மல்லிகைப் பூவை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார் அம்மா. பால் வற்றுவதற்காகப் பாட்டி செய்த வைத்தியம் அது. வீடெல்லாம் மல்லிகை வாசனை. நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அங்கே பிள்ளைக்குப் பசிக்குமான்னு வாத்தியாரைக் கேட்டுட்டு வா."

வாத்தியார் வீட்டு வாசலில் நின்று கேட்டேன். சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவர் எழுந்திருக்காமலே என் முகத்தைப் பார்த்தார். "பசிக்காதும்மா. வலி, அழுகை எதுவும் கிடையாது. அர்ச்சியசிஷ்ட தோமாஸ் அக்குவினாஸ் சொல்லியிருக்கார். அந்தப் பிள்ளைகள் சந்தோஷமாத்தான் இருக்கும்னு அம்மாகிட்ட சொல்லு." தோமாஸ் என்ற அந்தப் புனிதருக்கு 800 வருஷத்துக்கு முன்பே இன்னொரு புனிதரான அகுஸ்தீன் அந்தக் குழந்தைகளுக்கும் தண்டனை உண்டு, ஆனால் மிக இலேசானது என்று எழுதிவைத்திருப்பதை நான் பிற்காலத்தில்தான் படித்தேன். வாத்தியார் அதைச் சொல்லவில்லை. தெரிந்தே மறைத்தார் என்றுதான் எனக்குப் படுகிறது.

அடுத்த சனிக்கிழமை அவர் சைக்கிள் கேரியரில் ஒரு பப்பாளிக் காயைக் கட்டிக்கொண்டு வந்தார். கையில் ஒரு காலிப் பால்டின், அதில் கிணற்றுத் தண்ணீர்.

"பிள்ளை சாகக் கிடக்குது. ஃபாதர் ஊரில் இல்லை. என்ன செய்வீங்க?"

யாருக்கும் தெரியவில்லை.

"நீங்களே கொடுக்கலாம். ஞானஸ்நானத்தை ஆபத்து நேரத்தில் யார் வேணும்னாலும் கொடுக்கலாம்."

பப்பாளியை இடது கையில் சாய்த்து, காம்புப் பக்கத்தை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டார். பச்சைப் பிள்ளையின் கழுத்தைத் தாங்குகிற மாதிரி. வலது கையால் டின்னைச் சரித்தார். "பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்." தண்ணீர் ஊற்றுகிறவர்தான் வார்த்தையையும் சொல்ல வேண்டும், ஒருவர் ஊற்றி இன்னொருவர் சொன்னால் செல்லாது. பால் கூடாது, இளநீர் கூடாது, தண்ணீர்தான். தெளித்தால் போதாது, துணியை நனைத்துத் தடவினால் போதாது. "தண்ணீர் ஓட வேண்டும்" என்று மூன்று தரம் சொன்னார். பதினோரு பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் செய்யச் சொன்னார்.

என் முறை வந்தபோது கை நடுங்கியது. தண்ணீர் பப்பாளித் தோலில் படாமல் அவருடைய சட்டைக் கையை நனைத்தது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். காம்பிலிருந்து கசிந்த பாலில் தண்ணீர் பட்டு, வெள்ளைக் கோடாகப் பச்சைத் தோலில் இறங்கியது. "ஓடட்டும். இன்னும் கொஞ்சம். ஓடட்டும்" என்றார். அன்று வகுப்பு முழுவதும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜன்னலில் தொற்றிக்கொண்டு வேடிக்கை பார்த்த இந்துப் பிள்ளைகளில் ஒருவன், "சார், நாங்களும் செய்யலாமா?" என்று கேட்டான். "திருச்சபை செய்வதைச் செய்யணும்னு மனசார நினைச்சுச் செஞ்சா, நீ கொடுத்தாலும் செல்லும்டா" என்றார். 1439இல் திருச்சபையின் புளோரன்ஸ் பொதுச்சங்கமே அப்படி எழுதிவைத்திருக்கிறது. வகுப்பு முடிந்ததும் பப்பாளியை அவரே வீட்டுக்குக் கொண்டுபோனார்.

எனக்கு அன்று வந்தது கோபம். இதை மூன்று வாரத்துக்கு முன்னால் சொல்லிக் கொடுத்திருந்தால்? ஆஸ்பத்திரியில் பாட்டி இருந்தார், மருந்து கொடுக்கும் டிரெசர் இருந்தார், நான் இருந்தேன். குடத்தில் தண்ணீர் இருந்தது. யாருக்கும் தெரியாமல் போய்விட்டதே. அவரிடம் இதைக் கேட்கவில்லை. கேட்காத அந்தக் கேள்வியோடுதான் 1975இல் நர்ஸ் படிப்புக்காக விமானம் ஏறினேன்.

இங்கே குறைமாதக் குழந்தைகள் வார்டில் பல வருஷம் வேலை செய்தேன். மூன்று முறை, பெற்றோர் கேட்டுக்கொண்டதால், என் கையால் ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறேன். ஆஸ்பத்திரி ஃபாதர் வந்துசேர நேரமிருக்காத இரவுகள். முதல் குழந்தையின் தலை ஒரு ஆரஞ்சுப் பழ அளவுதான். தண்ணீர் சில்லென்று படக்கூடாதே என்று கிண்ணத்தை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கினேன். கை நடுங்கவில்லை. ஓடட்டும், ஓடட்டும் என்று மனதுக்குள் அவருடைய குரல் கேட்டது. இதை அவருக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

1991இல் அம்மா இறந்தார். நான் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. கல்லறைத் திருநாளன்று கோயில் தோட்டத்தில் எல்லா மெழுகுவர்த்தியையும் கொளுத்திவிட்டு அம்மா ஒன்றை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு ஆற்றோரம் போவார் என்று தங்கை சொல்லித்தான் தெரியும். அங்கே ரப்பர் போய்ச் செம்பனை வந்திருந்தது. இடம் எது என்று அம்மாவுக்கு மட்டுமே அடையாளம் தெரியும்.

2007 மே மாதம் வாத்தியாரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. உள்ளே பத்திரிகைச் செய்தி ஒன்றைக் கத்தரித்து வைத்திருந்தார். அந்த ஏப்ரலில் பாப்பரசர் 16ஆம் பெனடிக்ட் அனுமதியோடு திருச்சபையின் சர்வதேச இறையியல் ஆணையம் ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தது. ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளும் மீட்படைந்து கடவுளைக் காண்பார்கள் என்று நம்புவதற்குப் பலமான காரணங்கள் உண்டு என்றது அது. லிம்போ ஒருநாளும் விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கப்பட்டதில்லை, இறையியலாளர்களின் கருத்து மட்டுமே என்பதையும் தெளிவாகச் சொன்னது. 1983ஆம் ஆண்டின் புதிய சட்டம், பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க நினைத்திருந்த குழந்தைக்குத் திருச்சபை அடக்கம் செய்ய வழிவிட்டது. 1992இல் வந்த மறைக்கல்வி நூலோ அந்தக் குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைத்தது, அதில் லிம்போ என்ற சொல்லே இல்லை. இது எதுவும் எனக்கு அதுவரை தெரியாது.

கடிதத்தில் அவர் எழுதியிருந்தது கொஞ்சம்தான். "அன்று நான் பலகையில் போட்ட வட்டத்தை அழித்துவிடம்மா. அம்மா இருக்கும்போதே இதைச் சொல்ல எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. தம்பிக்கு என்ன பெயர் வைப்பதாக இருந்தீர்கள்? ஜெபத்தில் சொல்ல வேண்டும்."

நான் பதில் போடவில்லை. நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். 2013இல் ஒரு கல்யாணத்துக்காக கோலாலம்பூரில் நான்கு நாள் தங்கினேன். நம் ஊர் காரில் எட்டிப்பிடிக்கிற தூரம்தான், ஆனாலும் போகவில்லை. போன வருஷம் அவர் இறந்த செய்தி வந்தது.

இங்கே அவருக்காக நாம் கூடிய அன்று, மெதடிஸ்ட் சபையில் இருக்கும் நம் தோழி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "அக்கா, நாங்க செத்தவங்களுக்காக ஜெபிக்கிறதில்லை. சார் இப்போ கர்த்தரோட இருக்கார்" என்றாள். சிலுவையில் கள்ளனுக்கு இயேசு சொன்ன 'இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்' என்ற வசனத்தை எடுத்துக் காட்டினாள். இறந்தவர்களுக்காகப் பரிகாரம் செய்தது எங்கள் வேதாகமத்தில் மக்கபேயர் இரண்டாம் புத்தகத்தில் இருக்கிறது, அவர்கள் வேதாகமத்தில் அந்தப் புத்தகம் இல்லை. அட்வென்டிஸ்ட் சபையில் சேர்ந்துவிட்ட, நம்மோடு படித்த இன்னொருவரோ, சார் ஒன்றும் அறியாமல் தூங்குகிறார், கிறிஸ்து வரும்போதுதான் எழுப்புவார் என்றார். 'மரித்தவர்கள் ஒன்றும் அறியார்கள்' என்ற பிரசங்கியின் வசனம் அவருக்கு. ஒரே வாத்தியாரிடம் படித்த மூவர் அவருடைய ஆத்துமாவை மூன்று இடத்தில் தேடிக்கொண்டிருந்தோம். யாரும் குரலை உயர்த்தவில்லை.

ஆனால் விசுவாசப் பிரமாணத்தில் வரும் 'சரீர உத்தானத்தை விசுவசிக்கிறேன்' என்ற வரியில் மூவருக்கும் பேதமில்லை. உத்தானம் என்றால் என்ன சார் என்று கேட்டபோது, அவர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடி, சட்டென்று எழுந்து நின்று காட்டினாரே, ஞாபகமிருக்கிறதா? அதைச் சொன்னதும் தோழி அழுதுவிட்டாள். நான் ஆற்றோரத்தை நினைத்துக்கொண்டேன். செம்பனை வேர்களுக்கு அடியில் அம்மாவின் சேலைக்குள் இருக்கும் அந்தச் சின்ன உடம்பும் எழுந்து நிற்கும், நிற்கப் பழகாத கால்களோடு. இதை நான் முழு மனதோடு நம்புகிறேன்.

எங்கள் பங்குக் கோயிலில் அக்டோபர் கடைசியில் உறைகள் வைப்பார்கள். இறந்தவர்களின் பெயரை எழுதிப் போட்டால், நவம்பர் முழுவதும் பீடத்தின் அருகே வைத்துப் பூசையில் ஒப்புக்கொடுப்பார்கள். எத்தனையோ வருஷமாக அப்பா பெயரையும் அம்மா பெயரையும் எழுதி வருகிறேன். இந்த வருஷம் மூன்றாவதாக வாத்தியார் பெயரை எழுதினேன். பேனாவை மூடவில்லை. அப்பா அவனுக்கு வைக்க நினைத்திருந்தது தாத்தாவின் பெயர், ஒரே ஒரு முறை, ஆஸ்பத்திரி வாசலில், சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான்காவதாக அதைத் தமிழிலேயே எழுதி, உறையை ஒட்டிப் பெட்டியில் போட்டேன்.