பனியில் குரல் கேட்கணும்

1994 ஜூன் 25, இரவு பத்து மணி. இலங்கையில் ஹட்டன் பக்கம், எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, அப்போது கரண்ட் வரவில்லை. பெரியப்பாவின் காம்பராவில் கார் பேட்டரியில் ஓடும் கறுப்பு வெள்ளை டிவி ஒன்று இருந்தது. வெளியே தகரத்தில் மழை கொட்டுகிறது, கம்பளியைப் போர்த்திக்கொண்டு பதினைந்து பேர் உட்கார்ந்திருக்கிறோம். திரையில் ஓர்லாண்டோவின் நண்பகல் வெயில். உலகக் கிண்ணத்தில் பெல்ஜியமும் நெதர்லாந்தும்.

பெல்ஜியத்தின் கோலில் மிஷெல் ப்ரூடோம், 35 வயது. பிலிப் ஆல்பேர் ஒரு கோல் போட்டார். மற்றதெல்லாம் ப்ரூடோமின் கை. 1-0. இரண்டாம் சுற்றில் ஜெர்மனியிடம் 3-2 என்று தோற்று பெல்ஜியம் ஊருக்குப் போனது. ஆனாலும் சிறந்த கோல் கீப்பருக்கான லெவ் யாஷின் விருதை அந்த வருஷம்தான் முதன்முதலாகக் கொடுத்தார்கள், அது அவருக்குத்தான் கிடைத்தது. நான் பந்தை விட்டுவிட்டு அவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னால் நிற்கிறவர்களிடம் ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்தார்.

நானும் கோல் கீப்பர்தான், ஆனால் அப்படிக் கத்தியதில்லை. தோட்டத்து மேலாளர் துரை வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு ஒதுங்கி நில் என்று பழக்கப்பட்ட பிள்ளைகள் நாங்கள். ஒரு இறுதி ஆட்டத்தில் பனி மூட்டம் இறங்கி, பாதிக் கிரவுண்ட் மறைந்துபோனது. உயரத்தில் வந்த பந்துக்கு நான் ஓடினேன், எங்கள் பின்வரிசை அண்ணனும் ஓடினார். ‘விடுங்க, நான் எடுக்கிறேன்’ என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. இரண்டு பேரும் மோதி விழுந்தோம், பந்து தானாக உருண்டு கோலுக்குள் போனது. அண்ணனுக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. மூன்று வாரம் வேலைக்குப் போக முடியவில்லை, நாட்கூலிக்குப் பேர் விழவில்லை.

ப்ரூடோம் கோச் ஆனதைப் பிறகுதான் அறிந்தேன். அவர் கோல் காத்த ஸ்டாண்டர்ட் லியேஜ் 1982இலும் 1983இலும் பெல்ஜிய லீக்கை வென்றது. பிறகு 25 வருஷம் லீக் கிடைக்கவில்லை. 2008இல் மறுபடி வென்றபோது அந்த அணியின் கோச் அவர்தான். 2016இல் க்ளப் ப்ரூகேவுக்கும் லீக்கை வாங்கிக் கொடுத்தார். எனக்கு இதில் ஆச்சரியமில்லை. பின்னால் நின்று பத்துப் பேரை இருபது வருஷம் நகர்த்தியவர், கோட்டுக்கு வெளியே வந்தும் அதையே செய்தார்.

இப்போது சனிக்கிழமை காலையில் ஆறு பையன்களுக்குக் கோல் காக்கப் பழக்குகிறேன். கோல் கம்பம் சவுக்கு மரம். கிரவுண்ட் ஒரு பக்கம் சரிவு, பந்து தேயிலைக்குள் போனால் அட்டை கடித்த காலோடுதான் திரும்பி வருவார்கள். பாய்வதை இரண்டாவதாகத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். முதலில் குரல். கண்ணைக் கட்டிவிட்டு, கீப்பரின் குரலை மட்டும் வைத்து மற்றவர்கள் நகரணும். எங்கள் ஊர்ப் பனிக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

ஒருவன் மட்டும் இரண்டு மாதமாக முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். “மாமா, கத்துனா கோவிச்சுக்குவாங்க” என்பான். போன சனிக்கிழமை நல்ல மூட்டம், பத்தடிக்கு மேல் தெரியவில்லை. கார்னர் பந்து வந்தது. “விடு! எனக்கு!” என்று ஒரு சத்தம். பின்வரிசை அப்படியே விலகியது, பந்து அவன் நெஞ்சில்.

மேலே மலையில், கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து, கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த அவன் அம்மா குரல் கொடுத்தார்: “என்னடா தம்பி, என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்லம்மா, பந்து பிடிச்சேன்!” என்று அதே சத்தத்தில் திருப்பிக் கத்தினான்.