பிலிப்பியில் ஒரு பகல்: நடுராத்திரிப் பாட்டு கேட்ட ஊர்

வேதாகமத்தில் நெயாப்போலி என்று வாசிக்கிறோமே, அதுதான் இன்றைய கிரேக்க நாட்டின் கவாலா துறைமுகம். துரோவா துறைமுகத்தில் கப்பலேறிய அப்போஸ்தலன் பவுல், சாமோத்திராக்கே தீவைத் தொட்டு, மறுநாள் இங்கே வந்து இறங்கினார். இங்கிருந்து மலையைக் கடந்தால் பிலிப்பி. எங்கள் பேருந்து அரை மணி நேரத்துக்குள் போய்விட்டது. அவர் ரோமர் போட்ட எக்னாத்தியா நெடுஞ்சாலையில் நடந்து போனார்.

அந்தச் சாலையின் ஒரு துண்டு பிலிப்பி இடிபாடுகளுக்குள் இன்னும் இருக்கிறது. வண்டிச் சக்கரங்கள் ஓடி ஓடிப் பள்ளம் விழுந்த கற்கள். கையை வைத்துப் பார்த்தேன், வெயிலில் சுட்டது. பக்கத்தில் பழைய சந்தைவெளி. இன்று நிற்கிற கட்டடக் கற்களில் பெரும்பாலானவை பவுலுக்குப் பிந்திய 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஆனாலும் இடம் இதுதான். ஓர் அடிமைப் பெண்ணைப் பிடித்திருந்த குறிசொல்லும் ஆவியைப் பவுல் துரத்தினார்; அதனால் வருமானம் போன அவளுடைய எஜமான்கள் பவுலையும் அவரோடு வந்த ஊழியர் சீலாவையும் இழுத்துக்கொண்டு வந்த சந்தைவெளி இது. விசாரணை இல்லை, சாட்சி இல்லை. கூட்டம் கத்தியது, அதிகாரிகள் வஸ்திரங்களைக் கிழித்துப்போட்டு அடிக்கச் சொன்னார்கள். “மூன்றுதரம் மிலாறுகளால் அடிபட்டேன்” (மிலாறு என்றால் பிரம்பு) என்று பிற்பாடு கொரிந்தியருக்கு எழுதினாரே, அதில் ஒன்று இங்கே பட்ட அடியாகத்தான் இருக்கவேண்டும்.

சிறைச்சாலை என்று காட்டப்படும் இடம் சற்று மேலே, பசிலிக்கா எனப்படும் பெரிய பழங்கால ஆலயம் ஒன்றின் இடிபாடுகளை ஒட்டி இருக்கிறது. அது உண்மையில் ரோமர் காலத்துத் தண்ணீர்த் தொட்டி என்றும், பிற்காலக் கிறிஸ்தவர்கள் அதைப் பவுலின் சிறையாகக் கருதிப் போற்றினார்கள் என்றும் வழிகாட்டி விளக்கினார். குழுவில் சிலருக்கு முகம் வாடிவிட்டது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடித்த பிறகு அவர்களை அடைத்துவைத்த உட்காவலறை இந்தச் சந்தைவெளிக்கு அக்கம்பக்கத்தில் எங்கேயோ இருந்தது. எந்தக் கல்லுக்கு அடியில் என்று தெரிந்துதான் ஆகவேண்டுமா? குனிந்து உள்ளே பார்த்தேன். ஈரமும் இருட்டுமாக, ஆள் கால் நீட்ட இடமில்லாத குழி.

நானும் பயத்தோடுதான் இந்தப் பயணத்துக்கு வந்திருந்தேன். வீட்டில் ஒருவருக்குச் செய்த பரிசோதனையின் முடிவு வரவேண்டியிருந்தது. ஒவ்வொரு முறை தொலைபேசி மணி அடிக்கும்போதும் வயிறு கலங்கும். அந்த நாட்களில் என் வாயில் துதி வரவே இல்லை. ஜெபம் வந்தது, அழுகை வந்தது. துதி மட்டும் நல்ல செய்தி வந்த பிறகு சொல்லவேண்டியது என்று மனசு ஒதுக்கி வைத்துவிட்டது.

அந்தக் குழியின் வாசலில் நின்று அப்போஸ்தலர் 16-ஆம் அதிகாரத்தை வாசித்தோம். “நடுராத்திரியிலே பவுலும் சீலாவும் ஜெபம்பண்ணி, தேவனைத் துதித்துப்பாடினார்கள், காவலில் வைக்கப்பட்டவர்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.” எத்தனையோ பிரசங்கங்களில் கேட்ட வசனம். பாடினார்கள், பூமி அதிர்ந்தது, கட்டுகள் கழன்றன. ஆகவே நீயும் பாடு, உன் கட்டும் கழலும் என்பார்கள். அந்தப் பிரசங்கத்தை இனி என்னால் அப்படியே ஏற்கமுடியாது. பாடினபோது பூமி அதிரப்போவது அவர்களுக்குத் தெரியாது. முதுகு கிழிந்திருக்கிறது, கால் தொழுமரத்தில், அதாவது கைதியின் காலைப் பூட்டும் கட்டையில், மாட்டியிருக்கிறது, விடிந்தால் என்ன நடக்கும் என்று யாரும் சொல்லவில்லை. கதவு திறப்பதற்காக அவர்கள் பாடியிருந்தால், கதவு திறந்ததும் ஓடியிருப்பார்கள். ஓடவில்லையே! கைதிகள் ஓடிவிட்டார்கள் என்று எண்ணி, பட்டயத்தை உருவித் தன்னைக் கொலைசெய்யப் போன சிறைச்சாலைக்காரனைப் பார்த்து, நாங்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம் என்று பவுல் சத்தமிட்டார். அவர்களுடைய பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்த மற்றக் கைதிகளில்கூட ஒருவரும் ஓடவில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். சில வருடங்களுக்குப் பிறகு வேறொரு காவலிலிருந்து இதே ஊர்ச் சபைக்குப் பவுல் கடிதம் எழுதினார். ஜீவனோ சாவோ எது வரும் என்று நிச்சயமில்லாத நிலை அவருக்கு. முதல் அதிகாரத்திலேயே அதை மறைக்காமல் எழுதுகிறார். அந்தச் சிறையில் பூமி அதிர்ந்ததாக ஒரு வரியும் இல்லை. ஆனாலும் “கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள், சந்தோஷமாயிருங்கள் என்று மறுபடியும் சொல்லுகிறேன்” என்று எழுதினார். அந்தக் கடிதத்தைச் சபையில் வாசித்தபோது பழைய சிறைச்சாலைக்காரனும் உட்கார்ந்து கேட்டிருப்பான் என்றே நான் நம்புகிறேன். அந்த இரவில் இவர்களுடைய காயங்களைக் கழுவினவன் அவன்.

வாசித்து முடித்ததும் எங்கள் குழுவில் சமீபத்தில் கணவரை இழந்த ஒரு அக்கா, யாரும் கேட்காமலே 103-ஆம் சங்கீதத்தைச் சொல்ல ஆரம்பித்தார். “என் ஆத்துமாவே, கர்த்தரை ஸ்தோத்திரி” என்ற முதல் வரியிலேயே குரல் உடைந்தது. நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அதே வரியை மறுபடியும் சொன்னார், பிறகு அடுத்த வரி. நாங்களும் சேர்ந்துகொண்டோம். அந்தச் சங்கீதத்தில் தாவீது தன் ஆத்துமாவுக்கே கட்டளையிடுகிறான்; அது தானாக எழும்பும் என்று காத்திருக்கவில்லை. எனக்கு உள்ளே பயம் அப்படியேதான் இருந்தது. ஆனால் பல வாரங்களாக அடைத்துக் கிடந்த தொண்டை திறந்தது. பயம் போன பிறகு துதிக்கலாம் என்றிருந்த எனக்கு, பயத்தை வைத்துக்கொண்டே துதிக்கலாம் என்று அந்த அக்கா காட்டிக்கொடுத்தார்.

துதிக்கிறவன் நியாயம் கேட்கமாட்டான் என்றும் யாரும் எண்ணவேண்டாம். மறுநாள் காலையில் அதிகாரிகள் இரகசியமாக விடுதலை பண்ணப் பார்த்தபோது பவுல் சம்மதிக்கவில்லை. ரோமக் குடியுரிமை உள்ளவர்களை விசாரிக்காமல் எல்லார் முன்னும் அடித்தீர்களே, நீங்களே வந்து வெளியே அழைத்துப்போங்கள் என்றார். அவர்களும் வந்து கெஞ்சினார்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

எண்கோண வடிவ ஆலயத்தின் இடிபாடுகளுக்குக் கீழே, பவுலின் பெயரில் கட்டப்பட்ட 4-ஆம் நூற்றாண்டு ஆலயத்தின் தரை இருக்கிறது. அதைச் செய்வித்த பேராயர் போர்பீரியோஸின் பெயரோடு பவுலின் பெயரும் சிறு சிறு வண்ணக் கற்களில் பதித்திருக்கிறது. அடித்து அனுப்பிய ஊரிலேயே அவர் பெயரில் ஓர் ஆலயம்.

மாலையில், பவுலின் பேச்சைக் கேட்டு இங்கே விசுவாசியான லீதியாள் என்ற பெண் ஞானஸ்நானம் பெற்றதாகச் சொல்லப்படும் ஆற்றங்கரைக்குப் போனோம். சிறிய ஆறு, தெளிந்த தண்ணீர். சிறையிலிருந்து வெளியே வந்த பவுலும் சீலாவும் முதலில் போனது லீதியாளின் வீட்டுக்குத்தான். அங்கே சகோதரரைக் கண்டு, அடிபட்ட இவர்கள் அவர்களுக்கு ஆறுதல் சொன்னார்கள். நாங்களும் கரையில் உட்கார்ந்து, அவரவர் பயத்தை வாய்விட்டுச் சொல்லி, ஒருவருக்காக ஒருவர் ஜெபித்தோம். அந்த அக்கா எனக்காக ஜெபித்தார்.

மறுநாள் காலை தெசலோனிக்காவுக்குப் புறப்பட்டோம். பவுலும் சீலாவும் அம்பிபோலி, அப்பொலோனியா வழியாக அங்கேதான் போனார்கள். முதுகுக் காயம் ஆறியிருக்காது. அங்கேயும் ஒரு கலகம் அவர்களுக்காகக் காத்திருந்தது.