நெக் டேப்பும் ஒன்றரை ரூபாயும்

“துணியில வித்தியாசம் இருக்கு, எனக்குத் தெரியுது. என் கடைக்கு வர்றவருக்குத் தெரியுமா?”

எங்கள் திருப்பூர் கம்பெனிக்கு டி-ஷர்ட் வாங்க வந்த ஐரோப்பிய பையர், எங்கள் சரக்கை டாக்கா சரக்கோடு ஒப்பிட்டு இதைக் கேட்டது 2019 ஜூலையில். அவர் ஆங்கிலத்தில்தான் கேட்டார், என் காதில் இப்படித் தமிழில்தான் தங்கியிருக்கிறது. மிரட்டுகிற தொனி எதுவும் இல்லை. சாம்பிளை உள்பக்கமாகத் திருப்பி, நெக் டேப்பை, அதாவது கழுத்துத் தையலை மறைக்கும் பட்டையை, கட்டைவிரலால் நீவிக்கொண்டே, உண்மையிலேயே பதில் தெரியாதவர் மாதிரி கேட்டார். அதற்கு நான் சொன்ன பதில் ஒன்று, அன்றைக்குச் சாயங்காலம் தையல் கண்ட்ராக்டர் அக்காவிடம் நான் சொன்ன பதில் ஒன்று. முதலாவது பெருமையாகச் சொன்னது. இரண்டாவது பொய். ஆறு வருஷமாக இரண்டும் சேர்ந்தேதான் ஞாபகம் வருகின்றன.

சரக்கு ஒன்றும் விசேஷமில்லை. ஆண்களுக்கான சாதா ரவுண்டு நெக், 160 ஜி.எஸ்.எம். கனத்தில் சிங்கிள் ஜெர்சி துணி, வெள்ளையும் கறுப்பும், 1,20,000 பீஸ். நாங்கள் சொன்ன விலை பீஸுக்கு 2.40 டாலர். டாக்காவில் 2.20 என்றார். பையர் சொல்லும் டாக்கா விலை மெய்யா பொய்யா என்று கண்டுபிடித்த மெர்ச்சண்டைசர், என்னைப் போல் ஆர்டர் பேசி முடிக்கிறவர், திருப்பூரில் இதுவரை பிறக்கவில்லை. ஆனால் அவர் சொல்லாமல் விட்ட இன்னொரு கணக்கு எனக்குத் தெரியும். அன்றைக்கு ஐரோப்பாவில் இறங்கும் நம் டி-ஷர்ட்டுக்கு 9.6 சதவீதம் வரி. மிகவும் பின்தங்கிய நாடு என்ற வகையில் பங்களாதேஷுக்கு 2001 முதல் ஒரு பைசா வரி கிடையாது. எங்கள் 2.40-க்கு மேல் அவர் இன்னும் 23 சென்ட் கட்ட வேண்டும். ஆக, நான் டாக்கா விலையையே கொடுத்தாலும் தோற்றவன்தான். இதில் அவர்களுக்குப் போகும் நூலில் கணிசமான பங்கு நம் நாட்டு மில்களில் ஓடியது என்பதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது.

சரி, நான் சொன்ன பதிலுக்கு வருகிறேன். தண்ணீரைப் பற்றிச் சொன்னேன். எங்கள் சாயப்பட்டறைகளில் இருந்து ஒரு சொட்டுக் கழிவுநீர் வெளியே போகாது, முழுக்கச் சுத்திகரித்துத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம், உப்பைக்கூடப் பிரித்தெடுக்கிறோம், இப்படி ஒரு ஊரே செய்வது உலகத்தில் அபூர்வம் என்று ஐந்து நிமிஷம் பேசினேன். நன்றாகவே பேசினேன் என்று நினைக்கிறேன். பொய்யும் இல்லை. ஆனால் பேசும்போதே உள்ளுக்குள் ஒன்று நெருடியது. அதை நாங்களாக விரும்பிச் செய்யவில்லையே. நொய்யல் ஆற்றில் சாயம் ஓடி, ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீர் விவசாயத்துக்கே ஆகாமல் போய், கீழே இருந்த விவசாயிகள் கோர்ட்டுக்குப் போய், 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் எழுநூறு பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் எல்லாம் நடந்தது. அந்த மாதங்களில் துணியை வெளியூருக்கு லாரி ஏற்றி அனுப்பிச் சாயம் போட்டோம். ஒவ்வொரு லாட்டும் ஒவ்வொரு ஷேடில் திரும்பி வந்தது. டீக்கடையில் உட்கார்ந்து “ஊரை அழிச்சுட்டாங்க” என்று விவசாயிகளைத் திட்டியவர்களில் நானும் ஒருவன். எந்தத் தீர்ப்பைத் திட்டினோமோ அதுதான் இன்றைக்கு எங்கள் கம்பெனி ப்ரசென்டேஷனில் முதல் ஸ்லைடு.

பையர் முழுக்கக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். “நல்ல விஷயம். டாக்கா பக்கமும் எனக்கு கிரீன் சர்டிபிகேட் வாங்கின ஃபேக்டரி இருக்கு” என்றார்.

அதுவும் பொய்யில்லை. 2013 ஏப்ரலில் டாக்கா பக்கத்தில் ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்தபோது, எங்கள் ஆபீஸிலேயே ஒருவர் “இனிமே ஆர்டர் எல்லாம் நம்ம பக்கம்தான்” என்றார். அந்த வாக்கியம் எனக்குள்ளும் ஓடியிருந்ததால் அவரை நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அங்கே நடந்தது வேறு. இன்ஜினியர்கள் ஃபேக்டரி ஃபேக்டரியாக ஏறி இறங்கிக் கட்டடத்தையும் தீயணைப்பு வசதியையும் சோதித்தார்கள். சில இடங்களை மூடினார்கள், பல இடங்களைச் சரிசெய்ய வைத்தார்கள். இன்றைக்கு லீட் என்ற பசுமைக் கட்டடச் சான்றிதழ் வாங்கிய ஆடைத் தொழிற்சாலைகள் உலகத்திலேயே அதிகம் இருப்பது அந்த நாட்டில்தான். நமக்கு நொய்யல், அவர்களுக்கு அந்தக் கட்டடம். அடி வாங்கித்தான் இரண்டு பேரும் கற்றோம் என்று சொல்லலாம். ஆனால் அடி விழுந்தது யார் மேல், கற்றதை ஸ்லைடாகப் போட்டு விற்பது யார் என்று யோசித்தால் அப்படிச் சொல்லவும் வாய் வரவில்லை.

‘அங்கே கூலி மலிவு, அதான்’ என்று நாங்கள் எல்லோரும் ஒரே வரியில் முடித்துவிடுவோம். எனக்கும் அப்படித்தான் நினைப்பு, அப்புறம் கொஞ்சம் படிக்கும் வரை. 1979-ல் பங்களாதேஷில் ஒரு கம்பெனி சுமார் 130 பேரைத் தென்கொரியாவின் பூசானுக்கு அனுப்பி, தேவூ ஃபேக்டரியில் ஆறு மாதம் பழக்கியது. தையல் மட்டுமில்லை, லைன் போடுவது, தரம் பார்ப்பது, ஏற்றுமதி எப்படி நடக்கிறது என்பது வரைக்கும். திரும்பி வந்தவர்களில் பலர் சில வருஷங்களில் வெளியேறித் தனியாகவும் மற்றவர்களுடன் சேர்ந்தும் கம்பெனி ஆரம்பித்தார்கள். மலிவான கூலி அதற்கு முன்னாலும் அங்கே இருந்ததுதானே. திருப்பூரும் அப்படித்தான் வளர்ந்தது. ஒரு கம்பெனியில் கட்டிங் பழகியவர், செக்கிங் பார்த்தவர், நாலு மிஷினை வாடகை ஷெட்டில் போட்டு, கூலிக்குச் செய்துகொடுக்கும் ஜாப் ஒர்க் ஆரம்பித்தார். நிட்டிங் ஒருவர், சாயம் ஒருவர், காம்பாக்டிங் ஒருவர், தையல் ஒருவர். எல்லாமே இருபது கிலோமீட்டருக்குள். ஐநூறு பீஸ், எட்டுக் கலர் என்று யாராவது வந்தால்கூட நம்மால் செய்து கொடுக்க முடிவது அதனால்தான். ஒரே ஸ்டைலை லட்சக்கணக்கில் ஓட்டுகிற பெரிய ஃபேக்டரிக்கு அது தலைவலி.

அந்த ஜூலை மாதம் நான் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான். “சாதா டி-ஷர்ட்டை டாக்காவில் போடுங்க. எட்டுக் கலர், எம்ப்ராய்டரி, அவசரம்னா எங்ககிட்ட வாங்க.” குளிக்கும்போது, பைக் ஓட்டும்போது, நூறு தடவை இதைச் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் கணீரென்று வருகிறது. ஆனால் அன்றைக்கு எங்கள் எம்.டி. பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், மிஷின்கள் பாதி சும்மா நின்றிருந்தன, 1,20,000 பீஸை வேண்டாம் என்று சொல்லுகிற மெர்ச்சண்டைசரை எந்த கம்பெனியில் வைத்துக்கொள்வார்கள்? 2.25-க்கு முடித்தோம்.

15 சென்ட் என்றால் அன்றைய ரேட்டில் பீஸுக்குப் பத்து ரூபாய். எம்.டி. தன் லாபத்தில் மூன்று ரூபாய் விட்டுக்கொடுத்தார். நூல் மில்லில் பேசி இரண்டு ரூபாய். அரசாங்கத்தின் எம்.இ.ஐ.எஸ். என்ற ஏற்றுமதி ஊக்கத்தொகை நாலு சதவீதத்தில் பாதியை மட்டும் விலையில் கழித்திருந்தோம், மீதியையும் கழித்ததில் மூன்று. அட்டைப் பெட்டி, பாலிபேக்கில் ஐம்பது பைசா. மிச்சம் ஒன்றரை ரூபாய்.

அனுப்பர்பாளையம் பக்கம் அந்த அக்காவின் ஷெட். இருபத்துநாலு மிஷின். தையலுக்கு பதினாலு ரூபாய் என்று ஏற்கனவே பேசியிருந்தோம், இப்போது பன்னிரண்டரை என்றேன். அக்கா ஒன்றும் சொல்லாமல் சாம்பிளை வாங்கி மடியில் விரித்து, விரலால் தையல் தையலாகத் தொட்டுக்கொண்டே போனார்: ஷோல்டர், கழுத்து ரிப், டேப், கை மடிப்பு, கை ஏற்றுவது, சைடு, பாட்டம். டேப்புக்கு வந்ததும் விரல் நின்றது.

“தோள்ல இருந்து தோள் வரைக்கும் டேப் போகுது பாருங்க. இதுக்குன்னே ஒரு சிங்கர் மிஷின் ஆளு உக்காரணும். பின்கழுத்துக்கு மட்டும் போட்டாப் போதுமான்னு பையரைக் கேட்டுப் பாருங்க தம்பி. ஒண்ணேகால் ரூபா நானே குறைச்சுக்கறேன். யாருக்கும் நட்டமில்லைங்க.”

“அவர் ஒத்துக்க மாட்டாருங்கக்கா” என்றேன்.

நான் கேட்கவே இல்லை. கேட்டிருக்கலாம், மறுநாள் மதியம் வரை அவர் ஊரில்தான் இருந்தார். கேட்காததற்குக் காரணங்கள் இருந்தன. சாம்பிள் அப்ரூவ் ஆகிவிட்டது, மாற்றினால் மறுபடி பி.பி. சாம்பிள், அதாவது உற்பத்திக்கு முந்தைய சாம்பிள், பத்து நாள் போகும். இன்னொன்று, டேப்பைக் குறைக்கலாம் என்று நாமே வாயைத் திறந்தால் அந்த ஒண்ணேகால் ரூபாயையும் பையர் தன் பையில் போட்டுக்கொண்டு பழைய இடத்திலேயே நிற்பார். இது நடக்கக்கூடியதுதான், மற்ற பையர்களிடம் பார்த்திருக்கிறேன். எல்லாம் நியாயமான காரணங்கள். ஆனால் இவையெல்லாம் அந்த நிமிஷத்தில் என் மனதில் இருந்ததா, பிற்பாடு சேர்ந்ததா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அக்காவிடம் குறைப்பது சுலபம் என்பது மட்டும் அப்போதே தெரிந்திருந்தது. அக்டோபர் 27 தீபாவளி. இருபத்துநாலு மிஷினுக்கும் ஆள் பிடித்து வைத்து போனஸ் கொடுக்க வேண்டியவர் இந்த ஆர்டரை விட மாட்டார் என்று தெரிந்துதான் போனேன்.

அக்கா சாம்பிளை மடித்துக் கொடுத்தார். “அவங்களுக்கு வரியில்லைங்கறீங்க, சரி. நம்மகிட்ட என்னங்க தம்பி இருக்கு, என்ற ரேட்டை விட்டா?”

நான் சிரித்தேன். நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டேனா, பதில் இல்லாமல் சிரித்தேனா தெரியாது. “அடுத்த ஆர்டர்ல பாத்துக்கலாங்கக்கா” என்றேன். இது எல்லா மெர்ச்சண்டைசரும் சொல்லுவது.

பதில் எனக்கு எதிரிலேயே இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. ஒரு பனியனை மடியில் போட்டு, எந்தத் தையலில் எத்தனை பைசா ஒளிந்திருக்கிறது என்று விரலால் சொல்லக்கூடிய ஒருவர், பேக்டரியில் இருந்து பைக்கில் பத்து நிமிஷத்தில் இருக்கிறார். நம்மிடம் இருப்பது அதுதான். அதை வைத்துக்கொண்டு நான் அவரிடம் கேட்டது ரேட்டை மட்டும். சரி, இதை எழுதிவிட்டுப் படித்தால் கொஞ்சம் அழகாக இருக்கிறது, அதனாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது. விரலில் எத்தனை ஞானம் இருந்தாலும் 9.6 சதவீதத்தை அது அழிக்காது. நாடுகள் மேஜை போட்டுப் பேச வேண்டியதை அக்கா டேப்பைக் குறைத்துச் சரிக்கட்ட முடியுமா? வியட்நாம் ஐரோப்பாவோடு போட்ட, வரியைக் குறைக்கும் வர்த்தக ஒப்பந்தம் 2020 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அங்கே தைக்கிறவர் நம்மவரைவிடக் கெட்டிக்காரரா என்று அதற்கு முன்னால் யாரும் சோதிக்கவில்லை.

அந்த ஆர்டர் டிசம்பரில் கப்பல் ஏறியது. 2020 ஜனவரியில், ஆடைகளுக்கு எம்.இ.ஐ.எஸ். 2019 மார்ச் 7 முதலே கிடையாது என்று முன்தேதியிட்டு அறிவிப்பு வந்தது. விலையில் கழித்திருந்த ஆறு ரூபாயும் காற்றில் போனது. எம்.டி. அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஒன்றரை ரூபாய்க்காக ஒருவரிடம் நான் அப்படிப் பேசி, கடைசியில் கம்பெனிக்கும் அதில் ஒன்றும் நிற்கவில்லை. நின்றிருந்தால் என் மனசு சும்மா இருந்திருக்குமோ என்னமோ. அப்புறம் மார்ச்சில் ஊரடங்கு, எல்லாக் கணக்கும் கலைந்துவிட்டது. அக்கா இப்போது உள்நாட்டு ஜட்டி பனியன் ஜாப் ஒர்க் எடுக்கிறார் என்று கேள்வி. போய்ப் பார்க்கலாம், தூரம் ஒன்றுமில்லை.

நான் வேறு கம்பெனிக்கு வந்துவிட்டேன். 2025 ஆகஸ்ட் 27 முதல் நம் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீதக் கூடுதல் வரி போட்டதும், பையர்கள் எல்லோரும் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்று ஒரே மாதிரி மெயில் அனுப்பினார்கள். புது எம்.டி. “ஜாப் ஒர்க்ல ஏதாச்சும் பாருங்க” என்றார். காஸ்டிங் ஷீட்டைத் திறந்தேன். இந்தத் தடவை பையருக்கு முதலில் எழுதினேன், ஸ்டைலில் இரண்டு இடத்தில் தையலைக் குறைக்கலாம், படம் இணைத்திருக்கிறேன் என்று. மூன்று நாள் தையல் ரேட் கட்டத்தைத் தொடாமல் வைத்திருந்தேன். பதில் வரவில்லை. நாலாவது நாள் ஐம்பது பைசா குறைத்துவிட்டு கண்ட்ராக்டருக்குப் போன் போட்டேன். சின்னப் பையன், முப்பது வயசு இருக்கும். அவன் ஒன்றும் கேட்கவில்லை. “சரிங்க சார்” என்றான்.