நாரி நோவும் பண்ணை நடையும்

மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட நோ. என் நாரி நோ, அதாவது கீழ்முதுகு நோ, அந்த எல்லையை எப்போதோ தாண்டிவிட்டது. குளிசை இல்லாமல் சமாளிப்பது எப்படி என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது நடையைத்தான். விடியப்புறம், வெயில் ஏற முன்னம், யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடற்கரையில் நடப்பேன். நோ கூடும்வரை நடப்பதில்லை. அதற்கு முன்பே நின்று, ஆறி, திரும்பவும் நடப்பேன். அசையும்போது நொந்தால் உள்ளே ஏதோ பழுதாகிறது என்று பயப்படத் தேவையில்லை என்பதைப் பிசியோதெரபி செய்பவர்தான் எனக்குப் புரியவைத்தார். அந்தப் பயம் போனதே பாதி ஆறுதல்.

உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட நாரி நோ வழிகாட்டியும் உடற்பயிற்சி, நோவைப் பற்றிய விளக்கம், மனநல சிகிச்சை முறைகள் ஆகியவற்றை ஆதரிக்கிறது. இடுப்புப் பட்டியை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் இதைச் சொல்லியும் அவ பட்டியைக் கழற்றுவதாயில்லை!

மாமி நொச்சி இலையை வதக்கித் துணியில் கட்டி ஒத்தடம் தருவா. சூட்டில் தசை இளகும், நித்திரை வரும். நோவோடு வாழ்பவருக்கு நித்திரை பெரிய விஷயம்.

அப்புறம், நிலத்தில் குந்தித் தேங்காய் திருவுவதை விட்டு, மேசையில் பூட்டும் திருவலைக்கு மாறினேன். உடனே வித்தியாசம் தெரிந்தது.

ஆனால் கால் விறைத்தாலோ, சலம் கட்டுப்படாமல் போனாலோ, காய்ச்சலோடு நொந்தாலோ ஒத்தடம் போட்டுக்கொண்டு இருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.