தடைக்கு ஆறு நீதிபதிகள் வேண்டும்

"இவனுங்களைத் தடை பண்ணிட்டா முடிஞ்சுது!"

இன்று ஜெர்மனியின் தீவிர வலதுசாரிக் கட்சியான ஏ.எஃப்.டி. பற்றிய செய்தி ஓடும்போது பக்கத்தில் இருந்தவர் சொன்னது.

அங்கே அரசால் கட்சியைத் தடை செய்ய முடியாது. அரசோ நாடாளுமன்றத்தின் இரு அவைகளில் ஒன்றோ மனு போடலாம், அவ்வளவுதான். முடிவு கார்ல்ஸ்ரூவில் உள்ள அரசியல் சாசன நீதிமன்றத்துடையது. எட்டு நீதிபதிகளில் ஆறு பேர் சம்மதிக்க வேண்டும்.

நவநாஜிக் கட்சியான என்.பி.டி. மீதான வழக்கு 2003-இல் நின்றுபோனது. காரணம், கட்சித் தலைமைக்குள்ளேயே உளவுத்துறையின் ஆட்கள் இருந்தார்கள். ஆதாரமாகக் காட்டிய பேச்சு கட்சிக்காரனுடையதா, அரசிடம் காசு வாங்கியவனுடையதா? மூன்று நீதிபதிகள் வழக்கைத் தொடர மறுத்தார்கள். அதுவே போதுமானதாக இருந்தது.

உளவாளிகளை விலக்கிவிட்டு, 2013-இல் மாநிலங்களின் அவை மறுபடி மனு போட்டது. 2017-இல் தீர்ப்பு: நோக்கம் சாசனத்துக்கு விரோதம்தான், ஆனால் அதைச் சாதிக்கும் பலம் கட்சிக்கு இல்லை. தடை இல்லை.

இதுதான் எனக்கு உறுத்துகிறது. அன்று பலம் போதவில்லை என்றார்கள். 2025 தேர்தலில் 20.8 சதவீதம் வாங்கிய ஏ.எஃப்.டி. மீது மனு போடவே இன்று தயங்குகிறார்கள்.

பலித்தது வேறு வழி. இப்படிப்பட்ட கட்சிக்குத் தடை இல்லாவிட்டாலும் அரசு நிதியை நிறுத்தலாம் என்று 2017-லேயே சாசனத்தைத் திருத்தினார்கள். 2024 ஜனவரியில், பெயரை மாற்றிக்கொண்டிருந்த அதே என்.பி.டி.க்கு அரசு நிதியும் வரிச்சலுகையும் ஆறு ஆண்டுகளுக்கு நிறுத்தப்பட்டன.